பின்சுவர்

காலை ஆறே முக்காலுக்கு வாசலில் கார் வந்து நின்றது. எட்டு மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. டீச்சர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். டிரைவர் இறங்கவில்லை. பின் சீட்டில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் இறங்கவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வானம் ஒரே மூட்டமாக, இன்னும் விடியாதது போல இருந்தது.

கணவர் சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவள் மாகாண சபைக்குப் போன பிறகு அடுப்படி அவர் கைக்கு வந்துவிட்டது. ரொட்டியையும் கணக்குப் போலவே செய்வார். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் தானே தின்றுவிட்டு வேறு போடுவார். கார் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"மாண்புமிகுவுக்கு வண்டி வந்தாச்சு போல" என்றார்.

"எட்டு மணின்னாங்க."

"யோசிக்க நேரம் குடுக்க வேணாம்னு நினைச்சிருப்பாங்க."

அவள் நின்றபடியே டீயைக் குடித்தாள். அவர் ரொட்டியைத் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். முன்பெல்லாம் அவள் பேசும் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் எந்த வாக்கியம் நீளம், எந்த இடத்தில் மூச்சு விட்டிருக்கலாம் என்று சொல்வார். ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, இப்போதெல்லாம் நீ பேசுவதில் திருத்த ஒன்றும் இல்லை என்றார். அது பாராட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு அங்க என்ன பேசப் போற?"

"போய்ப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"பார்க்கப் போறியா, பேசப் போறியா? அதை மட்டும் கேட்டுக்கறேன்."

ரொட்டியில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் செருப்பைத் தேடினாள்.

காரில் ஏறியதும் சித்தப்பா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. கட்சியின் மாவட்டச் செயலாளர். மந்திரிகள் முதல் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வரை எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவார். கேட்க வேண்டுமானால் எதிரில் இருப்பவர் குனிய வேண்டும். குனிந்து குனிந்தே பலருக்குப் பழகிவிட்டது.

ஊரைத் தாண்டும்வரை அவர் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு கல்வி மந்திரியின் உடம்பைப் பற்றி. மனுஷன் இனி எழுந்து வர மாட்டார், குடும்பமே கையை விரித்துவிட்டது என்றார். இலாகாவை எத்தனை நாள் காலியாக வைத்திருப்பது என்று தலைவர் கேட்டாராம். படித்தவர், வகுப்பறை தெரிந்தவர், கெட்ட பெயர் இல்லாதவர் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டாராம். தான் ஒரு பெயர்தான் சொன்னதாகச் சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். யார் பெயர் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பாதி ரொட்டி கையிலேயே இருந்தது.

"உங்க சின்ன டீச்சர் நல்ல பொண்ணு" என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. "ஒத்தையா நின்னு அந்தப் பள்ளிக்கூடத்தை ஓட்டுது. மூடிட்டா அதை எங்க தூக்கிப் போடுவாங்களோ, பாவம்."

"மூடறதா யார் சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சரம்மா. சும்மா நினைச்சுப் பார்த்தேன்."

போகிற வழியெல்லாம் லாரிகள் ஓரமாக வரிசையாக நின்றன. எதுவும் ஓடவில்லை. டிரைவர்கள் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இன்றைய ஆய்வு முடியும்வரை குவாரியை நிறுத்தி வைத்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார். மரியாதைக்கு. குழு கிளம்பியதும் திரும்ப ஆரம்பித்துவிடுவார்களாம். அவள் ஜன்னலை இறக்கினாள். அந்தச் சாலையில் சத்தமே இல்லாமல் அவள் ஒருநாளும் போனதில்லை. காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் அறிவியல் எடுத்தாள். நீளமான ஒற்றைக் கட்டடம். வகுப்பறைகள் வரிசையாக இருக்கும். எல்லா அறைக்கும் பின்சுவர் ஒன்றே. கூரையின் பாரத்தில் பாதி அதன் மேல்தான். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு வயல், வயலுக்கு அப்பால் கல்குவாரி. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷமே சுவரில் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தது. குவாரிக்காரர்கள் வெயிலுக்கு எந்தச் சுவரும் வெடிக்கும் என்றார்கள். கல்வித்துறை அதிகாரிகள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அவள் நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டுப் பொட்டு வைத்து ஒட்டினாள். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் இழையளவு அசைந்தால் கண்ணாடி உடையும். பிள்ளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு மாதத்துக்குள் அது உடைந்தது. வேறு ஒட்டினாள். அதுவும் உடைந்தது.

உடைந்த துண்டுகளை ஒரு ஜாடியில் போட்டு வைத்தாள். அந்த ஜாடியோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினாள். மேஜை மேல் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் நிற்பாள். ஒரு அதிகாரி அதில் கையை விட்டு விரலைக் கிழித்துக்கொண்டார். அதற்காக அவளைத் தற்காலிகமாக வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆசிரியர் சங்கம் அதைக் கையில் எடுத்தது. ஊர்வலம் போனபோது ஜாடி முன்னால் போயிற்று, அவள் பின்னால் போனாள். சங்கத்துக்குத் தலைவியானாள். பிறகு கட்சி கூப்பிட்டது. கண்ணாடி டீச்சர் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாத கண்ணாடி டீச்சர் என்று மேடையில் ஒருவர் சொன்ன பழைய ஜோக்குக்கு ஊரே சிரித்தது. மாகாண சபையில் முதல் முறை பேச எழுந்தபோது ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசினாள். இப்போது அது அவள் அலுவலக அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சபையில் அவள் சும்மா இருக்கவில்லை. மாகாணம் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வந்தது அவள் பேசியதால்தான். தற்காலிக ஆசிரியர்களுக்கு மகப்பேறு விடுப்பு வந்ததும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் பதிலாக எதையாவது ஒத்திப்போட வேண்டியிருந்தது. ஒத்திப்போட்டதில் எப்போதும் குவாரி இருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் தருவதாகச் சொல்லி அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லில் அவள் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் இன்னும் ஒரு செங்கல் வரவில்லை.

இந்த மாதத்தோடு குவாரியின் உரிமம் முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து இல்லை என்று ஆய்வுக் குழு சொல்ல வேண்டும். குழுவில் அவளும் ஒருத்தி. மற்ற இருவரும் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணாடி டீச்சர் கையெழுத்து இல்லாமல் அந்த அறிக்கையை வெளியில் காட்ட முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மரங்களின் இலைகள் மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தன. பிள்ளைகள் வகுப்பில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகளில் இடம் நிறைய இருந்தது. மைதானத்து மூலையில் அடிக்கல்லின் மேல் யாரோ ஈரத் துணிப்பையைக் காயப் போட்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை வாசலில் நின்றாள். டீச்சர் இங்கே வேலை பார்த்த காலத்தில் உதவி ஆசிரியையாக வந்தவள். பிள்ளைகள் அவளுக்குச் சின்ன டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். தலைமை ஆசிரியை ஆன பிறகும், நெற்றியோரம் நரைத்த பிறகும் அவள் சின்ன டீச்சர்தான். டீச்சரைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

குழுத் தலைவர் ஒரு வக்கீல். அவர் ஏற்கெனவே வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டடங்களைப் பார்க்கும் அரசாங்க இன்ஜினியர், இளைஞர். சொன்னதை எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. பிஸ்கட்டும் டீயும் வந்தன. வக்கீல் தன் மகள் வெளிநாட்டில் பரீட்சை எழுதிய கதையைச் சொன்னார். இன்ஜினியர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். பிறகு எல்லோரும் எழுந்து பின்பக்கம் போனார்கள்.

விரிசல் இப்போது முழங்கால் உயரத்தில் தொடங்கிக் கூரைவரை போயிருந்தது. வெள்ளையடித்தவர்கள் அதன் மேலும் அடித்திருந்தார்கள். சுண்ணாம்பு உள்ளே இறங்கிக் கோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதன் குறுக்கே தகடு இருந்தது. முழுசாக இருந்தது.

இன்ஜினியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். போன மழைக்காலத்துக்கு முன்பு ஒட்டியது இது, பள்ளிப் பதிவின்படி ஒரு தடவைகூட உடையவில்லை, ஆகவே சுவர் நிலைத்துவிட்டது என்று சொன்னார். சொல்லும்போது சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார். தகட்டைத் தொடவில்லை. வக்கீலும் தொடவில்லை. சித்தப்பா வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பக்கத்தில் போனாள். கண்ணாடித் தகட்டின் விளிம்பு லேசாகப் பச்சையடிக்கும். இதன் விளிம்பு வெளுப்பாக இருந்தது. விரலை வைத்தாள். மூட்டம் போட்ட காலையில் கண்ணாடி சில்லென்று இருக்க வேண்டும். இது இல்லை. நகத்தால் தட்டினாள். சத்தம் செத்து விழுந்தது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு முனை வெளியே தள்ளி, தகடு நடுவில் வளைந்திருந்தது.

கண்ணாடி வளையாது.

அவள் திரும்பினாள். சின்ன டீச்சர் கட்டடத்தின் முனையில் நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"டீச்சர்" என்றார் வக்கீல். "இதை ஆரம்பிச்சு வச்சவங்க நீங்க. உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அவளுக்கு வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கரும்பலகையில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் தப்பு என்று சொல்ல மாட்டாள். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தபடி சும்மா நிற்பாள். வகுப்பு ஒடுங்கும். அந்தப் பிள்ளை அவளைப் பார்க்கும், கரும்பலகையைப் பார்க்கும், எழுதியதை முதலிலிருந்து வாய்க்குள் படிக்கும். பிறகு தானே அழித்துவிட்டுத் திரும்ப எழுதும். அடித்துத் திருத்தினால் மறந்துவிடும், தானாகத் திருத்தினால் மறக்காது என்று உதவி ஆசிரியைகளுக்கு அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் பலிக்காமல் போகாத ஒரே விஷயம் அது.

அவள் இன்ஜினியரைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். தகட்டைப் பார்த்தார். காதோரம் சிவந்தது. உதடு பிரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் ஒரு மூச்சு.

"அப்ப சரி" என்றார் வக்கீல். "டீச்சருக்கு ஆட்சேபணை இல்லைன்னு போட்டுக்கப்பா."

குமாஸ்தா எழுதினான். இன்ஜினியர் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார்.

அப்போதும் பேசியிருக்கலாம். இது பிளாஸ்டிக் என்று இரண்டு வார்த்தை. சொன்னால் முதல் கேள்வி யார் வைத்தது என்பதாக இருக்கும். சின்ன டீச்சருக்கு அன்றைக்கே வேலை போகும். பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கே பூட்டு விழும். அவள் இதை நினைத்தாள். சின்ன டீச்சருக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்றும் நினைத்தாள். அதே நேரத்தில் கல்வி மந்திரியின் அறையும் கண் முன் வந்தது. ஒருமுறை போயிருக்கிறாள். பெரிய ஜன்னல், அதன் கீழே ஒரு செயற்கைக் குளம். எது முதலில் வந்தது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவள் முறை வந்தபோது பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தாள். சித்தப்பா தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, எழுதும் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி நீட்டினார். அது வழவழவென்று எழுதியது.

அவர் அவளைக் காருக்குக் கூப்பிட்டார். தான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பழைய இடம், பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்றாள். அவர் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"இருங்க, இருங்க. வண்டிய திருப்பி அனுப்பறேன்" என்றார். பிறகு குனிய வைக்கும் அந்தக் குரலில், "மதியம் தலைவர் கூப்பிடுவார். போனை மட்டும் எடுத்துடுங்க டீச்சரம்மா."

கார்கள் போன தூசி அடங்கும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள். வகுப்புகளில் பிள்ளைகளின் சத்தம் மெல்லக் கூடியது. மேற்கே வானம் கறுத்து வந்தது.

"எதுல வெட்டுன?" என்றாள் டீச்சர்.

சின்ன டீச்சர் மறைக்கப் பார்க்கவில்லை. "சிறந்த பள்ளின்னு கேடயம் குடுத்தீங்களே. அது வந்த டப்பாவோட மூடி."

"கச்சிதமா வெட்டியிருக்க."

"கத்தரியைச் சூடு பண்ணி வெட்டினேன்."

பிறகு அவள் கேட்காமலே மற்றதையும் சொன்னாள். ஒவ்வொரு தடவை கண்ணாடி உடையும்போதும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும். மறுநாள் அப்பாவோ அம்மாவோ டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். டவுனில் படிக்க வைக்க முடிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது போக வழியில்லாத பிள்ளைகள். இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஆள் இல்லை என்று சொல்லி மூடிவிடுவார்கள். மூடினால் இந்தப் பிள்ளைகள் டவுனுக்குப் போகாது, குவாரிக்குத்தான் போகும். கல் உடைக்க. அதனால் உடையாத ஒன்றை வைத்தாள். வைத்த பிறகு ஒரு டி.சி.கூடப் போகவில்லை. இரண்டு பேர் திரும்பிக்கூட வந்தார்கள்.

"சுவர் நகருதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

சின்ன டீச்சர் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டாள்.

"உங்களுக்குப் போன் பண்ணினேன் டீச்சர். கண்ணாடிக்குப் பதிலா வேற வைக்கட்டுமான்னு கேட்டேன். சபைக்குள்ள போய்க்கிட்டிருக்கேன்னு சொன்னீங்க."

"நான் என்ன பதில் சொன்னேன்?"

"நீ என்ன நினைக்கிறன்னு கேட்டீங்க. எப்பவும் அப்படித்தானே கேப்பீங்க." குரலில் குற்றச்சாட்டு இல்லை. "நான் நினைச்சதைச் செஞ்சேன்."

டீச்சருக்கு அந்தப் போன் ஞாபகம் இருந்தது. நீளமான நடைகூடம், காலுக்குக் கீழே சிவப்புக் கம்பளம், உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கழிப்பறை மசோதா. மறுமுனையில் ஒரு சின்னக் குரல் ஏதோ தகட்டைப் பற்றிக் கேட்டது. அவள் இருபது வருஷப் பழக்கத்தில் பதில் சொன்னாள். வகுப்பில் அந்தக் கேள்விக்குப் பிறகு அவள் காத்திருப்பாள். அன்றைக்குக் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

"ஆய்வகத்துல கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. ஒரு பெட்டி பிரிக்காம இருக்கு."

"பாரிஸ் சாந்து?"

"கைவேலைக்கு வாங்கினது கொஞ்சம் கிடக்கு."

ஆய்வகத்தில் அவள் மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது. இழுப்பறையைத் திறக்க அடியில் ஒரு குத்து விட வேண்டும் என்பதைக் கை மறக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள். சின்ன டீச்சர் ஒரு டம்ளரில் சாந்தைக் குழைத்தாள். இருவரும் பின்பக்கம் போனார்கள். பிளாஸ்டிக்குக்கு ஒரு சாண் மேலே டீச்சர் இடம் பார்த்தாள். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். கண்ணாடியைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன டீச்சர் இரண்டு முனையிலும் பொட்டு வைத்தாள். பேசவே தேவைப்படவில்லை. எத்தனை தடவை செய்த வேலை. சாந்து சூடாகி இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. கையை எடுத்தாள். நின்றது.

"சபையில இதுக்கெல்லாம் ஆள் வச்சுக் குடுப்பாங்களா டீச்சர்?" என்றாள் சின்ன டீச்சர்.

"சாந்துக்கு ஒரு கமிட்டி. கண்ணாடிக்கு ஒரு கமிட்டி."

"பிடிச்சுக்கிட்டு நிக்க?"

"அதுக்கு ஆள் கிடைக்காது."

சின்ன டீச்சர் சிரித்தாள். டீச்சரும் சிரித்தாள். புடவையில் சாந்து பட்டிருந்தது. அந்தப் புடவையோடு தலைவரைப் பார்க்கப் போக முடியாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததைக் கவனித்தாள்.

அப்போது சங்கு ஊதியது.

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஊதும் சங்கு. சின்ன டீச்சர் ஓடவில்லை. வேகமாக நடந்து போய் மணியை அடித்தாள். பிள்ளைகள் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக வெளியே வந்தார்கள். சின்னதுகள் பெரியதுகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தன. மைதானத்தின் மறுகோடியில் அடிக்கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டார்கள். இந்த ஒழுங்கை அவர்களுக்குப் பழக்கியது டீச்சர்தான். அவளுக்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள் வந்து போய்விட்டன. ஆனாலும் யாரும் வரிசை மாறவில்லை. ஊதியதும் வெளியே, வெடித்ததும் உள்ளே. ஒரு பெண் பிள்ளை காதைப் பொத்திய கையோடு வானத்தை அண்ணாந்து பார்த்தது. முதல் துளி அதன் மேல்தான் விழுந்திருக்க வேண்டும்.

சங்கு நின்றது. குருவிகள்கூட எங்கேயோ போய்விட்டன. டீச்சர் மைதானத்தின் நடுவில் நின்றிருந்தாள். இங்கே வேலை பார்த்த வருஷங்களில் இந்த இடைவெளியை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணிக்கை கால்களில் இருக்கும். அது இப்போதும் இருந்தது.

முதலில் தரைதான் அசைந்தது. அதன் பிறகுதான் சத்தம். கட்டடத்தின் ஜன்னல் கம்பிகள் முனகின. கூரை விளிம்பிலிருந்து புதுச் சுண்ணாம்பு மாவு போல உதிர்ந்தது. வயலுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எழுந்து மழை மேகத்தோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்தார்கள். ஒருவன் வாயால் இன்னொரு வெடி வெடித்தான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

டீச்சர் பின்பக்கம் போனாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவசரப்படவில்லை.

பிளாஸ்டிக் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் வளைந்திருந்தது. பளபளவென்று இருந்தது. மேலே கண்ணாடி இரண்டாக இருந்தது. இரண்டு துண்டும் அததன் பொட்டில் நின்றன. நடுவில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பழைய நாளில் தகடு உடைந்தால் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். உடைந்ததைக் கண்டுபிடிக்கவே வெயில் வேண்டும். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவருக்குள் ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. மணல் வழிவது போல, நிற்காமல்.

கையை எடுத்துவிட்டு முன்பக்கம் வந்தாள். மழை பிடித்துவிட்டது. துளிகள் தூசியில் விழுந்து குழி பறித்தன. பிள்ளைகள் எழுந்து நின்றிருந்தார்கள். பைகளைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். மைதானத்தில் ஒதுங்க வேறு கூரை இல்லை. அடிக்கல் நனைந்து அவள் பெயர் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளை குளிரில் பல்லைக் கடித்தது. எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைப்பையில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

சின்ன டீச்சர் மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"பிள்ளைங்களை உள்ள அனுப்பவா டீச்சர்?"